பவுடர் ஸ்கீ எடுத்து ஏமாந்த கதைகள்: நம்ம ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்

பட்டறைத் தம்பி, சுங்கை சிப்புட், மலேசியா

செம்பனை லாரிக்குப் பிரேக் மாற்றுகிறவனுக்குப் பனிச்சறுக்கு எதற்கு என்று என் அம்மா கேட்டுவிட்டார், நீங்கள் புதிதாகக் கேட்க வேண்டாம். ஈப்போவில் வேலை செய்யும் இரண்டு நண்பர்கள் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனார்கள். பிடித்துவிட்டது. கோவிட் காலம் போக, வருடத்துக்கு ஒரு தடவை ஜப்பானின் ஹொக்கைடோ தீவு. பட்டறையில் சேர்கிற காசு அங்கே கரைகிறது.

போன மார்ச்சில் அங்கே நிசெக்கோ மலையில் நடந்ததைச் சொல்கிறேன். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அந்த மலைகளில் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் 15 மீட்டர் அளவுக்குப் பனி விழும் இடம். கையில் எடுத்து ஊதினால் கோலமாவு மாதிரி பறக்கும், அந்தப் புதுப்பனியைத்தான் பவுடர் என்பார்கள். அதில் மிதக்கவென்று செய்த அகலமான பலகைதான் பவுடர் ஸ்கீ. வீடியோக்களில் ஆட்கள் மார்பளவு பனியில் மிதந்து போவதைப் பார்த்துப் பார்த்து, வாடகைக் கடைக்குள் நுழைந்ததும் "இருப்பதிலேயே அகலமானதைக் கொடுங்கள்" என்றேன். 118 கொடுத்தார்கள்.

இந்த எண் தெரியாதவர்களுக்கு: ஸ்கீயின் மேல் 132-106-124 என்று மூன்று எண் அச்சடித்திருக்கும். முன்பகுதி, இடுப்பு, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். பேச்சில் ஒரே எண்ணைச் சொன்னால் அது நடுவில் உள்ள இடுப்பு.

போய்ச் சேர்ந்த முதல் நான்கு நாளும் ஒரு துளி பனி விழவில்லை. மார்ச் வெயிலில் பகலில் இளகும், இராத்திரியில் இறுகும், காலையில் சிமெண்டுத் தரை. அந்த 118-ஐ மாட்டிக்கொண்டு அதில் திரும்புவது, மழைக்கால மண் சாலைக்கு வாங்கிய டிராக்டர் டயரைக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டியது போல இருந்தது. மூன்றாம் நாள் இராத்திரி முட்டி வீங்கிவிட்டது. பட்டறைக்காரனுக்குக் காரணம் புரிய அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது. பலகை அகலமாக அகலமாக அதன் இரும்பு விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளிப் போகிறது. இறுகிய பனியில் சாய்த்துப் பிடிக்கும்போது அந்தத் தூரம் முழுவதும் நெம்புகோலாகி முட்டியைத் திருகுகிறது. நீளமான ஸ்பேனர்தான், போல்ட் இருக்கும் இடத்தில் என் முட்டி.

நான்காம் நாள் மாலை மாற்றிக்கொண்டு 88 எடுத்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் 35 சென்டி புதுப்பனி. சிரிக்காதீர்கள்.

88-இல் முனை புதைந்து புதைந்து, பின்னால் சாய்ந்தே ஓட்டி, தொடை எரிந்து, காலை பத்து மணிக்கு ஒரு பிர்ச் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். என் நண்பன் 104-இல் எனக்கு முன்னால் மூன்று தடவை போய் வந்தான். அவன் அந்த வாரம் முழுக்க ஒரே பலகையைத்தான் வைத்திருந்தான், குறை எதுவும் சொல்லவில்லை.

உங்கள் கதைகளையும் போடுங்கள். என்ன எடுத்தீர்கள், எந்த மலை, எப்படி ஏமாந்தீர்கள்.


லயத்து வீட்டுப் பையன்

நியூசிலாந்தில் படித்த காலத்தில் ருவாப்பேஹு மலைக்குப் போவேன். எரிமலை. இடைவிடாத காற்று. பனி விழுந்தாலும் காற்று அதைத் துடைத்து எடுத்துப் பள்ளங்களில் நிரப்பிவிடும், மீதி இடமெல்லாம் பளபளவென்று பனிக்கட்டி, நடுநடுவே எரிமலைப் பாறை. அங்கே நான் பாதி விலை என்று 120 வாங்கினேன். மலிவாகக் கிடைக்கும் பவுடர் ஸ்கீ ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று யோசிக்காத வயது. அந்த ஊரில் எவனும் வாங்கவில்லை, அதனால்தான்! இரண்டு பருவத்தில் மூன்று நாள் பயன்பட்டது. அடிப்பாகத்தில் பாறை கிழித்த தழும்போடு விற்றேன். அப்புறம் 92 வாங்கி நிம்மதியாக இருந்தேன்.


வான்கூவர் அக்கா

தம்பிமார்களே, நானும் சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், நான் காலையில் பால் பிடிக்கும் மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். இப்போது இங்கே தாதி. பதினாறு வருடமாக இங்குள்ள விஸ்லர் சறுக்கு மலைக்குப் போய்வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாரும் அகலத்தையே பேசுகிறீர்கள். என்னை ஏமாற்றியது எடை.

எங்கள் பக்கத்துப் பனி கடற்காற்று கொண்டுவரும் பனி. ஈரம் அதிகம், கனம் அதிகம். மலையடிவாரத்தில் மழை பெய்துகொண்டிருக்கும், லிப்டில் மேலே போனால் அதே மேகம் பனியாகக் கொட்டும், நடுவில் ஒரு பட்டை இரண்டும் கெட்டான், அரைத்த மாவு. நான் தூக்கி நடக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று மிக லேசான ஜோடி ஒன்றை வாங்கினேன், 108. முதல் இரண்டு ஓட்டம் சொர்க்கம். பதினொரு மணிக்கெல்லாம் நூற்றுக்கணக்கான பேர் உழுதுவிட்டார்கள். உழுத கனமான பனியில் லேசான பலகை ஒவ்வொரு கட்டியிலும் மோதித் தெறிக்கிறது, தகர டப்பாவைக் கல்லில் உதைத்த மாதிரி. நிசெக்கோவில் அதே பலகை அருமையாக இருந்திருக்கும், அங்கே கட்டியே ஊதினால் பறந்துவிடுமே. இங்கே கட்டியை உடைத்துப் போக எடை வேண்டும், கொஞ்சம் விறைப்பு வேண்டும். மரப்பலகைகளுக்கு நடுவே உலோகத் தகடு வைத்த ஜோடி ஒன்றை வாங்கினேன், அதே 108. காரில் ஏற்றும்போது திட்டுகிறேன், மலையில் திட்டுவதில்லை.

இன்னொன்று. ஒருமுறை விழுந்தபோது ஒரு பலகை கழன்று பவுடருக்குள் போய்விட்டது. கழன்ற பலகை விழுந்த இடத்தில் நிற்காது, பனிக்கு அடியிலேயே ஓடும். 45 நிமிடம் கோலால் குத்திக் குத்தித் தேடினோம். விழுந்த இடத்துக்குக் கீழேதான் இருக்கும் என்று கீழே தேடினோம், அது மேலே கிடந்தது. இப்போது இரண்டு பலகையிலும் ஆளுயரத்துக்கு மேல் நீளமான சிவப்பு நாடா கட்டி, மறுமுனையைக் காற்சட்டைக் காலுக்குள் விட்டுக்கொள்கிறேன். கழன்றால் நாடா விரிந்து வெளியே தெரியும். பவுடர் என்றாலே அதையும் வாங்கிவிடுங்கள், ஒரு சாப்பாட்டுக் காசு.

மரங்களுக்கு நடுவே போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். ஊசியிலை மரத்தின் கிளைக்கு அடியில் பனி சேராமல் குழி இருக்கும், வெளியே தெரியாது. தலைகீழாக விழுந்தால் தானாக எழுந்து வர முடியாது. என்னோடு வேலை செய்பவர் ஒருவரைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறோம். பக்கத்தில் ஆள் இருந்ததால் இழுத்தோம்.


பட்டறைத் தம்பி

அக்கா, நாடா விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. மங்கு துடைத்த கை என்றால் பனியில் தேடவும் பொறுமை இருக்கும்தான்.


மலைப்பித்தன்

நான் போனது குல்மார்க். காஷ்மீர். கேபிள் கார் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் இறக்கிவிடும். அங்கே மரமே கிடையாது. கீழே பைன் காடு, மேலே வெட்டவெளி. நிசெக்கோவில் மரங்களுக்கு நடுவே சட்சட்டென்று திருப்ப வசதி என்று நான் விரும்பிய ஸ்கீ, 171 சென்டி நீளம், முனையும் வாலும் நன்றாக மேலே வளைந்தது, மிருதுவானது. அதையே தூக்கிக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் காற்றால் மேல் கட்டம் மூடியே இருந்தது. கீழ்க்காட்டில் ஓட்டியபோது ஆகா ஓகோ. மூன்றாம் நாள் பனிச்சரிவுக் காவலர்கள் பார்த்துத் திறந்துவிட்டார்கள். மேலே காற்று இரண்டு நாள் அடித்ததில் பனி அப்பளம் போல மேலே மொறுமொறுப்பு, உள்ளே பொடி. வேகம் எடுத்ததும் முனை இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. மேலோடு உடைகிற இடத்தில் மிருதுவான முனை மடங்கி உள்ளே போனது, நானும் பின்னாலேயே போனேன். எங்களோடு வந்த காஷ்மீரி வழிகாட்டி 187 நீளத்தில் ஏதோ பழைய விறைப்பான பலகையில் நேர்கோடாகப் போனார். அவருடைய இடுப்பு அளவு என்னுடையதைவிடக் குறைவுதான், கேட்டுப் பார்த்தேன். நீளமும் விறைப்பும் அங்கே வேலை செய்தன.

ஆனால் அவருடைய பலகையை நிசெக்கோ மரங்களுக்கு நடுவே கொடுத்தால் நான் மரத்தைத்தான் கட்டிப்பிடிப்பேன். மேல் கட்டத்துக்குப் போகிறவர்கள் பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் பீக்கன் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் வைத்திருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கீ அளவைவிட எனக்கு அது முக்கியம்.


92 கிலோ

ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறேன். சின்ன கேள்வி. உயரம் 165, எடை பெயரிலேயே இருக்கிறது. கடைக்காரர்கள் உயரத்தைப் பார்த்து 160 நீளம் கொடுக்கிறார்கள், இரண்டு தடவையும் மூழ்கினேன். உடம்பைக் குறை என்று பதில் எழுதாதீர்கள், அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது. அப்புறம் ராக்கர், கேம்பர் என்கிறார்களே, அது என்ன?


பட்டறைத் தம்பி

அண்ணே, பனிக்கு உங்கள் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். சேற்றில் பலகை போட்டு நடக்கிற கணக்குதான்: கனமான ஆளுக்குப் பெரிய பலகை.

ராக்கர், கேம்பர் இரண்டையும் பட்டறைப் பாஷையில் சொல்கிறேன். கேம்பர் என்பது லாரியின் வில்பட்டை. தரையில் வைத்தால் நடுப்பகுதி தூக்கி நிற்கும், நீங்கள் ஏறி நின்றால் அமுங்கி, முனையிலிருந்து வால் வரை விளிம்பு முழுவதும் தரையைப் பிடிக்கும். இறுகிய பனிக்கு அதுதான் பிடிமானம். ராக்கர் அதற்கு நேர்மாறு, சம்பான் படகின் அடி. முனை முன்கூட்டியே மேலே எழும்பியிருப்பதால் பனிக்குள் புதையாமல் மேலே ஏறி மிதக்கும். ஷேன் மெக்காங்கி என்ற சறுக்குவீரர் அலாஸ்காவில் தண்ணீர்ச் சறுக்குப் பலகையில் பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பூட்டு) மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார். 2002-இல் வந்த ஸ்பேட்டுலா என்ற ஸ்கீ அந்த எண்ணத்தில் பிறந்தது, முழுக்க முழுக்கச் சம்பான் வடிவம். அதற்கு முன்பே, 1988-இல், அட்டாமிக் என்ற ஸ்கீ கம்பெனியில் ரூப்பர்ட் ஹூபர் ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பார்த்துத்தான் அகல ஸ்கீயைக் கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பட்டறை புத்தி!

இப்போது விற்கிறவற்றில் பெரும்பாலானவை கலப்பு: முனையில் ராக்கர், காலுக்கு அடியில் கேம்பர், வாலில் கொஞ்சம் ராக்கர். முனையும் வாலும் தரையைத் தொடாததால் இறுகிய பனியில் அது தன் நீளத்தைவிடக் குட்டையாக நடந்துகொள்ளும். ஆகவே உங்களுக்கு 172, 174 என்று போனாலும் பயமில்லை, அகலம் 105 பக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சமப்படுத்திய சரிவில் இரண்டு பக்கமும் பயமில்லாமல் திரும்ப வருகிறதா? இல்லையென்றால் இந்த வருடம் 95 எடுத்து, மிச்சக் காசில் ஒரு நாள் பயிற்றுநரை வைத்துக்கொள்ளுங்கள். மூழ்கியதில் பாதி பலகையின் தப்பாக இருக்காது. என் விஷயத்திலும் அப்படித்தான்.

எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்ற விடுவிப்பு எண்ணை வைக்கக் கடைக்காரர் கேட்கும்போது எடையை மறைக்காதீர்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், ஓட்டும் திறமை எல்லாம் பார்த்துத்தான் வைக்கிறார்கள். குறைத்துச் சொன்னால் சும்மா திரும்பும்போதே கழன்றுவிடக்கூடும்.


92 கிலோ

திரும்ப வருகிறது. இடது பக்கம் மட்டும்.


வான்கூவர் அக்கா

அப்படியென்றால் முதலில் பயிற்றுநர், தம்பி.


லயத்து வீட்டுப் பையன்

பட்டறை, கடைசியில் நீ என்ன வாங்கினாய்? வாடகையே போதாதா?


பட்டறைத் தம்பி

வருடத்துக்கு ஒரு வாரம் போகிறவனுக்கு வாடகைதான் சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். தினமும் மாற்றிக்கொள்ள விடுகிற கடையாகப் பார்த்து எடுத்தால் என் 118, 88 கூத்தே நடந்திருக்காது. இராத்திரி வானிலை பார்த்துவிட்டுக் காலையில் மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இருந்தாலும் வாங்கிவிட்டேன். பட்டறைக்காரனுக்கு இரும்பு கையில் இருந்தால்தான் தூக்கம் வரும்.

106, நீளம் 178, பருவ முடிவில் வாடகைக் கடை விற்ற பழைய ஜோடி. நான் 172 உயரம், 70 கிலோ. ஒரு வாரத்தில் ஒரு நாள் புதுப்பனி, மூன்று நாள் உழுத பனி, மீதி இறுகிய பனி என்று என் குறிப்பேடு சொல்கிறது. அந்த ஆறு நாளுக்காகத்தான் எடுத்தேன், மார்பளவுப் பனி வரும் அந்த ஒரு நாள் வந்தால் வாடகைக் கடை எங்கே போய்விடும்.

இரண்டு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். பைண்டிங்கைத் தனியாக மலிவாக வாங்கினேன், கழன்ற பலகையை ஓடாமல் நிறுத்த அதில் இருக்கும் பிரேக்கின் அகலம் 90. பிரேக் கை பலகையின் இரண்டு பக்கமும் இறங்க வேண்டும், 106-இல் எப்படி இறங்கும்? காய்ச்சி வளைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், கை நடுங்கவில்லை, அதுதான் பயம். பிறகு 110 பிரேக் தனியாக வரவழைத்து மாட்டினேன்.

அடுத்தது துரு. நம்ம ஊர்க் காற்றின் ஈரத்துக்கு விளிம்பு இரண்டே மாதத்தில் செம்மண் நிறமாகிவிட்டது. ஊருக்கு வந்ததும் துடைத்து, காயவைத்து, அடிப்பாகம் விளிம்பு இரண்டிலும் மெழுகைத் தாராளமாக உருக்கி ஊற்றி, சுரண்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன்னால் சுரண்டிக்கொள்ளலாம். பைக்குள் ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள்.

இப்போது இரண்டு பலகையும் அம்மாவின் அறை அலமாரிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. கோல்தான் பிரச்சினை. பவுடருக்கென்று அகலமான வட்டம் மாட்டிய ஜோடி வாங்கியிருந்தேன், அதில் ஒன்றை முருங்கைக்காய் பறிக்க எடுத்துக்கொண்டார். அந்த வட்டம் கிளையில் நன்றாக மாட்டுகிறதாம். கேட்டால் தரமாட்டேன் என்கிறார். ஜனவரிக்குள் ஒற்றைக் கோல் விற்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், 120 சென்டி.