கலியாண எழுத்தும் ஐயரும்: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம், யாழ்ப்பாணம் கொக்குவிலில் மண்டபம் எடுத்தாச்சு. எழுத்தையும், அதாவது கலியாணப் பதிவையும், அன்றைக்கே மண்டபத்தில் வைக்கத்தான் வீட்டில் விருப்பம். மாப்பிள்ளை வவுனியா. அதனால் இருவரும் அவரவர் பிரிவுப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து 12 நாள் பொறுக்க வேண்டும், அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம் என்பதெல்லாம் தெரியும். இரண்டு சாட்சிக்கும் ஆள் ரெடி. மாமாமார் இப்பவே போட்டி.

சிக்கல் வேறு. முகூர்த்தம் விடிய ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் மண்டபத்துக்கு வரக்கூடிய பதிவாளர் யாரையும் தெரியுமா? வாகனம் நாங்கள் அனுப்புவோம். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ‘சிவஞானம்’, அவரின் அடையாள அட்டையில் ‘சிவஞ்ஞானம்’. இதற்குச் சத்தியக்கடதாசி போதுமா, திருத்தித்தான் ஆக வேண்டுமா? அண்மையில் எழுத்து வைத்தவர்கள் சொன்னால் நல்லது.

அப்புறம் ஐயர். எங்கள் கோயில் ஐயருக்கு அன்றைக்கு வேறு கலியாணம். கிரியைகளைக் குறைக்காமல், ஆனால் ஒவ்வொன்றும் ஏன் என்று சபைக்கு இரண்டு வரி தமிழில் சொல்லிச் செய்பவர் வேண்டும். மைக்கைப் பிடித்தால் விடாதவர் வேண்டாம்! தட்சணை, சாமான் பட்டியல் எல்லாம் முன்கூட்டியே பேசுபவராக இருந்தால் அம்மாவுக்கு நிம்மதி. இலக்கங்களைத் தயவுசெய்து இன்பொக்ஸில் போடுங்கோ.