கண்ணாடி நெகட்டிவ்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிறிய கவுண்டியின் (மாவட்டம் போன்றது) வரலாற்றுச் சங்கத்துக்குச் சனிக்கிழமைதோறும் உதவப் போகிறேன். 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றுக் குடியேறியவர்கள், மரம் கிடைக்காமல், புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி வீடு கட்டினார்கள். அங்குள்ள கஸ்டர் கவுண்டியில் சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் அவர்களைப் படமெடுத்தார். ஒரு குடும்பம் ஆர்கன் என்ற இசைக்கருவியையே முற்றத்துக்குத் தூக்கிவந்து நின்றது, அத்தனை பெருமை!

அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள், அதாவது பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் எடுத்த நெகட்டிவ்கள், ஒரு பெட்டி நிறைய எங்களுக்கு வந்திருக்கின்றன. ஓரங்களில் படம் பதிந்த படலம் உரிகிறது. துடைக்கவே பயமாக இருக்கிறது. இவற்றைக் கையாண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தக் காகிதத்தில் சுற்றுவது, நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா? ஸ்கேன் செய்யலாமா? சங்கத்திடம் பணம் குறைவு, அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.