புதுப்பிப்பு: ரேக்ளா விளையாட்டில் வண்டி உறைவது நின்றது
நாங்கள் எழுதும் ரேக்ளா (மாட்டு வண்டிப் பந்தய) ஆன்லைன் விளையாட்டை பொள்ளாச்சியில் ஒருவர், கோபியில் ஒருவர் ஆடும்போது சிக்னல் கொஞ்சம் மங்கினாலும் எதிராளி வண்டி அப்படியே நின்று, அப்புறம் ஒரே தாவலில் முன்னால் போகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேனுங்க. (நம் பக்கம் நிஜத்தில் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரம்தான் பார்ப்பார்கள், விளையாட்டுக்காகச் சேர்த்து விட்டிருக்கிறோம்.) பலர் சொன்னபடி, இணையத்தில் தரவு அனுப்பும் வழக்கமான முறையான டிசிபியை (TCP) விட்டு, விளையாட்டுகளுக்கான ஈநெட் (ENet) என்ற நிரல் நூலகத்துக்கு மாறிவிட்டோம்.

டிசிபியில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்துக் கிடக்கும். ஈநெட், தொலைந்ததற்காகக் காத்திருக்காத யூடிபி (UDP) முறை மேல் ஓடுகிறது. எது கட்டாயம் போய்ச் சேர வேண்டும், எது போனால் போகட்டும் என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் நாமே சொல்லலாம். மாட்டின் இடமும் வேகமும் ஒரு சேனலில் (தனித் தடத்தில்), போய்ச் சேரும் உத்தரவாதம் இல்லாமல். பிந்தி வரும் பழைய நிலையை ஈநெட்டே தள்ளிவிடுகிறது. பந்தயத் தொடக்கம், எல்லைக்கோட்டைத் தொட்டது எல்லாம் இன்னொரு சேனலில், உத்தரவாதத்தோடு. சிக்னல் மோசமானால் வண்டி லேசாக உதறும், அவ்வளவுதான்.

ஈநெட், லீ சால்ஸ்மன் என்ற நிரலாளர் கியூப் (Cube) என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்காக எழுதியது. குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது), ஆள் சேர்க்கும் லாபி எதுவும் இதில் கிடையாது, வேண்டுமென்றே விட்டது. லாபியை நாங்களே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஈரோடு பக்கம் சோதித்துப் பார்க்க யாராவது இருந்தால் சொல்லுங்க.