கழிமுகத்தில் ஒதுங்கிய வேர்க்கட்டையை மீன்தொட்டியில் வைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தருகே கரை ஒதுங்கிக் கிடந்த முழ நீள வேர்க்கட்டை ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். பட்டை முழுவதும் உதிர்ந்து நரைத்திருக்கிறது; ஒரு முனை மட்டும் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்குகிறது. நியான் டெட்ராவும் கோரிடோராஸும் உள்ள தொட்டியில் வைக்க விரும்புகிறேன். வேகவைத்தால் போதுமா, பிளீச்சிங் பவுடர் கரைசலிலும் ஊறவைக்க வேண்டுமா?

மறுமொழி 1:
வேகவைப்பது இருக்கட்டும், முதலில் அது என்ன மரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அருகிலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருப்பதால், அது தில்லை மரமாக இருக்க வாய்ப்புண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். மீன்களுக்கும் அது நஞ்சு. காய்ந்த கட்டையில் அந்த நஞ்சு எஞ்சியிருக்கிறதா என்பதை வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆகவே, மரமறிந்த தச்சரோ உள்ளூர் மீனவரோ பார்த்து உறுதி சொல்லாதவரை தொட்டியில் இறக்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். அரளிக்கட்டைக்கும் தார் பூசிய படகுப் பலகைக்கும் இதுவே பொருந்தும்.

மறுமொழி 2:
மரத்தால் ஆபத்தில்லை என்று தெரிந்தால், அந்த மெத்தென்ற முனையை வைரம் (கெட்டியான உள்மரம்) தட்டுப்படும் வரை செதுக்கி எறிந்துவிடுங்கள்; உளுத்த பகுதி நீருக்குள் மக்கிக்கொண்டே இருந்து ஆக்சிஜனைக் குறைக்கும். கோரிடோராஸ் தரையைத் துழாவும் மீன் என்பதால், அதன் மீசை கிழிபடாதபடி கூரான விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். மரம் அதை உறிஞ்சிவைத்துப் பிறகு கசியவிடும்.

கழிமுகத்துக் கட்டையில் ஊறிய உப்பு ஒருமுறை வேகவைப்பதால் போய்விடாது. நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றி, ஊறிய நீரும் புதிய நீரும் டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவைக் காட்டும் கருவி) ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும் வரை பொறுத்திருங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதன் பிறகு, சமையலுக்குப் பயன்படாத திறந்த பாத்திரத்தில் 1 முதல் 2 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். பிரஷர் குக்கரில் வைத்தால் சிம்புகள் வால்வை அடைத்துவிடும்.

மறுமொழி 3:
தண்ணீர் தேநீர் நிறமாவது மரத்திலிருந்து கசியும் டானின் என்ற பொருளால்தான். டெட்ராக்களுக்கு அது கெடுதல் இல்லை. முதல் சில வாரங்களில் கட்டையின் மேல் வெண்மையான கொழகொழப்புப் படர்ந்தாலும் அஞ்ச வேண்டாம், துடைத்துவிட்டால் போதும், நாளடைவில் தானாகவே நின்றுவிடும். ஆனால் அழுகிய முட்டை வாடை வந்தால், கட்டை உள்ளே அழுகுகிறது என்று பொருள்; அன்றே வெளியே எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.