கிறிஸ் கைல் எழுதியதை எவ்வளவு நம்புவது?

கரிசல்காரன்:
கிறிஸ் கைலின் நினைவுக் குறிப்புகளை, ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ புத்தகத்தை, இரண்டாம் முறை படித்து முடித்தேன். டெக்சஸ்காரர், அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்பு அதிரடிப் பிரிவில் ஸ்னைப்பர், அதாவது மறைந்திருந்து தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர். இராக்கில் நான்கு முறை பணி: ஃபலூஜா, ரமாதி, சதர் சிட்டி. அவர் சுட்டுக் கொன்றவர்கள், உறுதி செய்யப்பட்ட கணக்கில் மட்டும் 160 பேர். 2009இல் படையை விட்டார், 2012இல் புத்தகம் வந்தது. தெருவில் முன்னேறும் வீரர்களுக்கு மாடியில் படுத்தபடி காவல் இருந்த மனிதர். அவரைக் கொலைகாரர் என்று இங்கே சிலர் எழுதுவது எனக்கு வலிக்கிறது.

நூலகத்துப்பூனை:
நான் அப்படிச் சொல்லவில்லை சார். புத்தகம் எழுதியவர் என்றால் எழுத்தையும் சோதிக்கணும், அவ்வளவுதான். தனக்கு வீரப் பதக்கங்களில் 2 வெள்ளி நட்சத்திரம், 5 வெண்கல நட்சத்திரம் கிடைத்தன என்கிறார். 2016இல் கடற்படை திருத்திய பதிவில் வெள்ளி 1, வெண்கலம் 4. அப்புறம் அந்த மதுக்கடைக் கதை. சீல் வீரர்களை இழிவாகப் பேசிய ஒருவரை அடித்து வீழ்த்தியதாக எழுதினார். அது மினசோட்டாவின் முன்னாள் ஆளுநர் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்று பேட்டியில் பெயரும் சொன்னார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வென்ச்சுரா அவதூறு வழக்குப் போட்டார். 2014இல் ஜூரிகள் வென்ச்சுரா பக்கம் நின்று, கைலின் சொத்திலிருந்து 18 லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னார்கள்.

கரிசல்காரன்:
பாதிதான் சொல்கிறீர்கள். 2016 மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை, 2017இல் சமரசமாகிவிட்டது. பதக்க விஷயத்திலோ, கடற்படை கொடுத்த பணிவிலகல் சான்றிதழிலேயே வெள்ளி 2, வெண்கலம் 6 என்று இருந்தது. அலுவலகத்துத் தப்புக்கு அவரைப் பொய்யர் என்பதா?

நூலகத்துப்பூனை:
சான்றிதழ் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேல்முறையீட்டில் அவதூறுப் பகுதியை மறுவிசாரணைக்குத்தான் அனுப்பினார்கள். அடிதடி நடந்தது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. பதிப்பகமே அந்தப் பகுதியை அடுத்த பதிப்புகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது.

வைகைக்கரை:
பதக்கம் எத்தனை என்பது எனக்குப் பெரிதில்லை. வாலியை மறைந்து நின்று எய்தது சரியா என்று நம் ஊரில் இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. ஏனென்றால் அம்பு தைத்த பிறகும் வாலி கேள்வி கேட்டான். கைலின் புத்தகம் தொடங்குவது 2003இல், நஸிரியா பக்கம், கையெறி குண்டோடு வந்த ஒரு பெண்ணை அவர் சுடுவதில். அவள் யார்? ஒரு வரி இல்லை. எதிரிகளைக் காட்டுமிராண்டிகள் என்கிறார், இன்னும் அதிகம் பேரைக் கொன்றிருக்கலாம் என்கிறார். சுட்டதைப் போர் என்று ஏற்கலாம். வருடங்கள் கழித்து வீட்டில் உட்கார்ந்து இப்படி எழுதியதை எப்படி ஏற்பது?

கரிசல்காரன்:
அக்கா, என் அப்பா காலாட்படையில் 17 வருடம் இருந்தவர். எதிரில் வருபவனை மனிதனாக நினைத்தால் விரல் அசையாது என்பார். கைலிடம் அந்தப் பழக்கம் ஊருக்குத் திரும்பிய பிறகும் போகவில்லை, நான் இப்படித்தான் வாசிக்கிறேன். அவர் முடிவையும் பாருங்கள். மனம் சிதைந்த, அமெரிக்க மரீன் படையின் முன்னாள் வீரன் ஒருவனுக்கு உதவும்படி அவன் தாய் கேட்டாள். 2013 பிப்ரவரி 2 அன்று துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவரையும் நண்பரையும் அவனே சுட்டுக் கொன்றான்.

வைகைக்கரை:
அந்தத் தாய்க்காகப் போனவரை நானும் மதிக்கிறேன் தம்பி. நஸிரியாப் பெண்ணும் யாருக்கோ தாயாக இருந்திருக்கலாம். அதற்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

நூலகத்துப்பூனை:
சார், உங்கள் பிரதியில் அந்த மதுக்கடைப் பகுதி இருக்கிறதா?

கரிசல்காரன்:
இருக்கிறது. பழைய பிரதி.