பிரிட்ஜை இறக்கிய கதை

பர்மாவின் பகோ நகரிலிருந்து:
வாஷிங் மெஷினைப் போன மாதம் கொடுத்துவிட்டேன். பாதி சோப்பு நுரையில் கரண்ட் போய், ஈரத்துணியைக் கையால் பிழிந்து எடுத்தது போதும் போதுமென்று ஆகிவிட்டது. இப்போது இரண்டு வாளி, ஒரு பிரஷ். முதுகு வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் வீட்டில் எதை விட்டீர்கள்?

ரங்கூனிலிருந்து:
நாங்கள் ஷ்வேபொந்தா தெருப் பக்கம், ஆறாவது மாடி. பழைய ஆட்களுக்கு அது இன்னும் மொகல் தெருதான். லிப்ட் கிடையாது. சாமான் குறைக்கணும் என்று விரதமெல்லாம் எடுக்கவில்லை அண்ணே, கரண்ட்தான் குறைக்க வைத்தது.

2024 கோடையில் எங்கள் பக்கம் நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் வராது. அந்த நாலும் சொன்ன நேரத்துக்கு வராது. ஒருநாள் பிரிட்ஜைத் திறந்தால், மீன் தண்ணீர் கீழ்த்தட்டில் இறங்கிக் கொத்தமல்லிக் கட்டு மிதக்கிறது. சோடா உப்புப் போட்டு மூன்று நாள் துடைத்தும் வாடை போகவில்லை. அப்புறம் அம்மா அதில் அரிசியும் பருப்பும் வைத்தார்கள். "எலி ஏறாத பீரோ" என்று பெயர் வேறு!

அந்த செப்டம்பரில் கட்டணமும் ஏறியது. முதல் 50 யூனிட் வரை யூனிட்டுக்கு 50 சாட் (பர்மா நாணயம்), 200-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 300 சாட். மைக்ரோவேவ், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பேச்சே இல்லாமல் போயின. பிரிட்ஜைப் பார்க்க வந்த பழைய சாமான்காரர் ஆறு மாடி ஏறிய மூச்சு அடங்கியதும், கேட்ட விலையில் பாதியை மாடிப்படிக்கே கழித்துவிட்டார். ஏணி மாதிரிப் படி. இரண்டு பையன்கள் கயிறு கட்டி இறக்கும்போது கதவு திறந்து, உள்ளே மறந்துபோன ஊறுகாய் டப்பா கீழ் வாசல் வரை உருண்டது.

காய்கறி இப்போது அன்றன்றைக்குத்தான். பால்கனிக் கயிற்றில் கூடையை இறக்கினால் தெருக் கடைக்காரர் போட்டுவிடுவார்.

கிரைண்டரை மட்டும் அம்மா விடவில்லை. ஒரு வாரத்துக்கு அரைத்த காலம் போச்சு. கோடையில் மாவு ஐந்து மணி நேரத்தில் பொங்கி வழிகிறது. ஒருநாளைக்கு மட்டும் ஊறப்போட்டு, ஸ்விட்சைப் போட்டே வைத்துத் தூங்குகிறோம். நடுராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் அதுவே கடகடவென்று எழுப்பிவிடும்.

போன வாரம் சோம்பலில் ஊறப்போடவில்லை. காலையில் கீழ்வீட்டு பர்மாக்கார அக்கா படியேறி வந்து, "ராத்திரி உங்கள் கல் ஏன் சுற்றவில்லை? கரண்ட் வந்ததே தெரியாமல் சோறு வைக்காமல் தூங்கிட்டோம்" என்கிறார்.