பழைய ஹார்ட்டிஸ்க்ல இருக்குறத அப்படியே எஸ்எஸ்டிக்கு மாத்த எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்க?

மஞ்சள்கொத்து:
வணக்கம்ங்க. ஈரோட்டுல சின்னதா ஜிஎஸ்டி ஃபைலிங், கணக்கு எழுதுற வேலை பண்றேன். லேப்டாப்ல 1 டிபி ஹார்ட்டிஸ்க், ரொம்ப ஸ்லோ, மாசம் 20ந்தேதி நெருங்குனா டேலி தொறக்கவே பயமா இருக்குதுங்க. அதுக்குப் பதிலா வேகமா ஓடுற 500 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு வாங்கியாச்சு, யூஎஸ்பில மாட்டுற கேஸும் இருக்குது. சி, டி ரெண்டும் சேத்து 260 ஜிபி தான் ரொம்பியிருக்கு. விண்டோஸ், டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர், பிரிண்டர்னு எல்லாத்தையும் மொதல்ல இருந்து போட நேரம் இல்ல, அப்படியே மாறணும். ஃப்ரீன்னு போட்டிருந்ததை இறக்கிப் பாத்தா எல்லாம் செலக்ட் பண்ணி கடைசில ஸ்டார்ட் அழுத்துறப்ப காசு கட்டச் சொல்லுது. எதைப் போடலாம்? அதுலயே அப்பப்ப பேக்கப்பும் எடுத்துக்கலாமா?

பனங்காடு:
அக்கா, சாஃப்ட்வேர் இருக்கட்டும், மொதல்ல அந்த ஹார்ட்டிஸ்க் நல்லா இருக்குதான்னு பாருங்க. ஸ்லோவா இருக்குறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒண்ணு இருக்கு, சுத்தமா ஃப்ரீ, அதுல 05னு ஒரு வரி (கெட்டுப்போய் வேற இடத்துக்கு மாத்தின செக்டர்), சி5னு ஒரு வரி வரும், ரெண்டு வரியிலயும் கடைசி கட்டம் முழுக்க பூஜ்யமா இருந்தா நிம்மதியா க்ளோன் போடலாம், அதாவது டிஸ்க்க அப்படியே நகல் எடுக்கலாம். சி5ல ஏதாவது எண் இருந்தா டிஸ்க்ல படிக்க முடியாத இடம் (செக்டர்) இருக்குன்னு அர்த்தம், சாதாரண க்ளோன் சாஃப்ட்வேர் அந்த இடத்துல எரர் அடிச்சு நின்னுடும், அப்ப லினக்ஸ்ல இருக்குற டிடிரெஸ்க்யூ தான் சரி, அது நல்லா இருக்குற பகுதிய மொதல்ல அள்ளி எடுத்துட்டு அப்புறமா தான் கெட்டுப்போன இடத்துக்கு திரும்பி வரும்.

எது எப்படியோ, டேலி டேட்டாவ இன்னிக்கே எடுத்து வெச்சிடுங்க. டேலிபிரைம்னா ஆல்ட் வொய் அழுத்தி பேக்கப் குடுத்து ஒரு பென்டிரைவ்ல போடுங்க. ஊரார் கணக்கு அக்கா அது, எஸ்எஸ்டி வேலைய நாளைக்குக்கூட பாத்துக்கலாம்.

தறிநாடா:
மேல சொன்னது ரொம்ப சரி. சாஃப்ட்வேர்க்கு வருவோம். முன்னாடி எல்லாரும் கண்ண மூடிட்டு மேக்ரியம் ரிஃப்ளெக்ட் ஃப்ரீ போடுன்னு சொல்லுவோம், நல்ல சாமான், ஆனா அந்த ஃப்ரீ வெர்ஷன நிறுத்திட்டாங்க, 2024 ஜனவரி 1க்கு அப்புறம் செக்யூரிட்டி அப்டேட்டும் இல்ல, பழைய ஃபைல் எங்கயாச்சும் கெடச்சாலும் எடுக்காதீங்க.

இப்ப ஃப்ரீன்னா க்ளோன்ஜில்லா. தைவான்ல இருந்து வர்றது, பென்டிரைவ்ல ஏத்தி, கம்ப்யூட்டர அதுல இருந்தே ஸ்டார்ட் (பூட்) பண்ணணும், கறுப்பு ஸ்கிரீன்ல கேள்வி கேள்வியா கேக்கும். நான் அதுதான் யூஸ் பண்றேன், ஆனா உங்க விஷயத்துக்கு அத சொல்ல மாட்டேன், ஏன்னா அது சாதாரணமா பெரிய டிஸ்க்ல இருந்து சின்ன டிஸ்க்குக்கு போகாது, சி, டின்னு பிரிச்சிருக்குற பார்ட்டிஷன சுருக்கி, எக்ஸ்பர்ட் மோடுல ரெண்டு ஆப்ஷன் மாத்தினா தான் ஒத்துக்கும். அதோட சோர்ஸ் எது டார்கெட் எதுன்னு எஸ்டிஏ, எஸ்டிபின்னு பேர் வெச்சு கேக்கும், மாத்திக் குடுத்துட்டா காலி எஸ்எஸ்டி உங்க டேட்டா மேல ஏறி உக்காந்துடும்.

உங்களுக்கு எஸ்எஸ்டி கம்பெனியே தர்றது தான் லேசு. சாம்சங்னா மேஜிஷியன், க்ரூஷியல், டபிள்யூடின்னா அவங்க பேர்ல வர்ற அக்ரோனிஸ், காசு கேக்காது, அவங்க டிஸ்க் மாட்டியிருந்தா மட்டும் வேலை செய்யும். விண்டோஸ்க்குள்ள இருந்தே ஓடும், 1 டிபிய 500க்குள்ள அதுவே சுருக்கிக்கும். என்ன பிராண்டுங்க?

மஞ்சள்கொத்து:
ரொம்ப நன்றிங்க. எஸ்எஸ்டி க்ரூஷியல் தானுங்க. டேலி பேக்கப் எடுத்தாச்சு, 05, சி5 ரெண்டும் பூஜ்யம். ஆனா சி டிரைவ் மேல சின்னதா பூட்டு மாதிரி தெரியுது, அது பிரச்சனை பண்ணுமா?

தறிநாடா:
அது பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்குறத பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. அத திறக்குற ரெகவரி கீ பொதுவா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், மொதல்ல அத ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அப்புறம் பிட்லாக்கர ஆஃப் பண்ணி டீக்ரிப்ட் (பூட்டு அவிழுறது) முழுசா முடியிற வரைக்கும் சார்ஜர் போட்டு விடுங்க, ஹார்ட்டிஸ்க்னா நேரம் எடுக்கும், நைட்டு விட்டுட்டு தூங்குங்க. மறுநாள் க்ளோன் போடுங்க, எஸ்எஸ்டி நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சதும் திரும்ப ஆன் பண்ணிக்கலாம்.

க்ளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டிய மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா ரெண்டுக்கும் ஒரே அடையாள எண், விண்டோஸ் ஒண்ண ஆஃப்லைன் ஆக்கிடும்.

பனங்காடு:
பேக்கப் கேட்டீங்களே, க்ளோன அதோட சேக்காதீங்க அக்கா. க்ளோன் எடுத்த நிமிஷத்தோட நின்னு போச்சு, அடுத்த வாரம் போட்ட வவுச்சர் அதுல இருக்காது. பேக்கப்புக்கு இமேஜ் பேக்கப் தான் சரி, அதாவது மொத்த டிஸ்க்கையும் ஃபைலா சேத்து வைக்கிறது, அதுக்கு வீம் ஏஜென்ட் ஃப்ரீன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, தினமும் மாறினத மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல சேத்துக்கிட்டே போகும். போட்ட உடனே அது கேக்குற ரெகவரி பென்டிரைவையும் செஞ்சு ஒருதடவ பூட் பண்ணிப் பாத்துடுங்க. எக்ஸ்டர்னல் டிஸ்க்க பேக்கப் முடிஞ்சதும் கழட்டிடுங்க, மாட்டியே இருந்தா, ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற ரான்சம்வேர் வந்தா அதையும் சேத்து பூட்டிடும். பழைய ஹார்ட்டிஸ்க்க அடுத்த 20ந்தேதி தாண்டுற வரைக்கும் ஃபார்மேட் பண்ணாம பீரோவுல வைங்க.